தவறு நடக்கும் முன் பார்க்கவேண்டிய டாக்டர்

1

ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு ஆறு வருடம் முடிகிறது. ஒவ்வொரு வருடமும் இந்தச் சமயத்தில் ஊரில் இருப்பவர்களுக்காக எதையாவது எழுதுவேன். பனியில் வழுக்கி விழுந்தது, கல் மாதிரி ரொட்டி, குப்பையை நான்கு தொட்டியில் பிரித்துப் போடும் கலை. இந்த வருடம் எழுதப்போவது அப்படிப்பட்டதல்ல. பிள்ளை பெற்றவள் இதையெல்லாம் எழுதலாமா என்று பலமுறை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறேன். பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றிவிட்டேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவனிடமும் கேட்டுவிட்டேன். "ஊர எழுதுக்கா, தெருவ எழுதாத" என்றான்.

தொடங்கியது ஒரு டிராம் நிறுத்தத்தில். என் மகள் ஆதிராவுக்கு ஏழு வயது. கண்ணில் படும் ஜெர்மன் எழுத்தையெல்லாம் உரக்கப் படிப்பாள். தமிழில் பெயர் எழுதச் சொன்னால் மட்டும் தலை வலிக்கும். அன்று நிறுத்தத்தின் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் கணீரென்று படித்தாள். குழந்தைகளைப் பற்றி உங்களுக்கு வரும் எண்ணம் உங்களையே பயமுறுத்துகிறதா, எங்களோடு பேசுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று எழுதி, கீழே ஒரு தொலைபேசி எண் போட்டிருந்தார்கள்.

"என்ன எண்ணம்மா அது?" என்றாள்.

எனக்கே புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிறுத்தத்தின் மறுகோடிக்குப் போனேன். பிறகு திரும்பி வந்து அதைப் படம் எடுத்தேன். விசா நீட்டிக்க என்னை மூன்று முறை அலையவிட்ட நாடு இது. பிறப்புச் சான்றிதழில் என் அப்பா பெயருக்கும் கணவர் பெயருக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்த நாடு. இந்த ஈனப்பிறவிகளுக்கு மட்டும் வரிசையில் நிற்காமல், பெயர் சொல்லாமல் வைத்தியமாம். அந்த எரிச்சலோடு படத்தை எங்கள் சின்ன காஞ்சிபுரம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பாருங்க, இங்க இவனுங்களுக்கும் ஆஸ்பத்திரி" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

குழுவில் அதுவரை வந்துகொண்டிருந்தது குட்மார்னிங் ரோஜாப்பூ. அன்று ரத்தம் கொதித்தது. வெட்டு, அறு, கொளுத்து. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவரிலிருந்து பட்டு ஜவுளிக்கடை கணக்குப்பிள்ளை வரை நீதிபதியானார்கள். எல்லாருக்கும் மேலாக, கருட சேவைக்கு வருடா வருடம் மோர்ப் பந்தல் போடும் எங்கள் தெருப் பெரியவர், நாங்கள் பந்தல் மாமா என்று அழைப்பவர், "இப்படிப்பட்ட மிருகங்களை நடுத்தெருவில் தூக்கிலிட வேண்டும்" என்று எழுதி, கைகூப்பும் பொம்மையும் போட்டிருந்தார். அதற்குத்தான் விருப்பக்குறி அதிகம். நானும் ஒன்று போட்டேன்.

2

மறுநாள் காலை, ஆதிராவைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் பிரபு அழைத்தான். பிரபு என் சித்தியின் மகன். அம்மா வேலைக்குப் போன வருடங்களில் நான் வளர்ந்ததே சித்தி வீட்டில்தான். அவனுக்குத் தொட்டில் ஆட்டியவள் நான். கணிதம் படித்துவிட்டு, வீட்டு ஹாலிலேயே தெருப்பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தான். போன வருடம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் அதை நிறுத்திவிட்டு, வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போய்விட்டான். சித்திக்கு அதில் தீராத ஆத்திரம்.

"அக்கா, அந்த போஸ்டர்ல நம்பர் இருந்துச்சே. அதுல இங்கிலீஷ் பேசுவாங்களா?"

"ஏண்டா, திட்டறதுக்கா? குரூப்ல திட்டினது பத்தலையா?" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. ஒரு லாரி கடந்துபோகும் சத்தம் கேட்டது. அது போனபிறகு சொன்னான்.

"எனக்குக்கா."

என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்பதையெல்லாம் எழுத மாட்டேன். அவன் யாரையும் எதுவும் செய்ததில்லை. யாரையும் தொட்டதில்லை. கெட்ட படம் எதுவும் பார்ப்பதில்லை. ஆனால் தனக்குள் ஒரு எண்ணம் இருக்கிறது, அது பெரியவர்கள் பக்கம் திரும்ப மறுக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட வாரம்தான் டியூஷனை நிறுத்தினான். டாக்டரைப் பார்க்கலாம் என்று காஞ்சிபுரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் போனானாம். கூடம் நிறைய ஆட்கள். சீட்டு எழுதும் பெண், "இன்னா பிரச்சனபா? சத்தமா சொல்லு, ஃபேன் சத்தத்துல கேக்கல" என்றாளாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் தெரு பால்காரர்.

"தூக்கம் வரலன்னு சொன்னேன்கா. தூக்க மாத்திர எழுதிக் குடுத்தாரு. போட்டா தூக்கம் வருது. அது போவல."

நான் போனை வைத்துவிட்டேன். பேச்சின் நடுவில், எதுவும் சொல்லாமல். பிறகு கைக்குட்டையை எடுத்து, அவன் குரல் வந்த போனைத் துடைத்தேன். இதை மறைப்பதற்கில்லை. அருவருப்பாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. அந்த எண்ணத்தின் மேல் எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்து யாராவது இதைப் படித்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து, போன கோடையில் ஊருக்குப் போன நாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எந்த நாளில் ஆதிரா எங்கே இருந்தாள், யார் பக்கத்தில் இருந்தார்கள். வரதராஜப் பெருமாள் கோவிலுக்குப் போய்த் தங்கப் பல்லியைத் தொடவேண்டும் என்று அவள் அடம்பிடித்த நாள் நினைவுக்கு வந்தது. எனக்கு உடம்பு சரியில்லை. "நீ கூட்டினு போயேண்டா" என்று பிரபுவிடம் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்தேன். வேலை இருக்கிறது என்றான். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று சித்தியும் நானும் அவனைக் காய்ச்சி எடுத்தோம். சின்னக் குழந்தையைக் கோவிலுக்குக் கூட்டிப்போக வலிக்கிறதா, வேலைக்குப் போனதும் தலைக்கனம் என்றெல்லாம் பேசினோம். சாவியை மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். நாங்கள் இருந்த வரை இறங்கி வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பிற்பகலில் நானே அவனை அழைத்தேன். "அந்த டாக்டர நான் தேடறேன். நீ எந்தக் குழந்தை பக்கமும் போகாத" என்றேன்.

"போவலக்கா. அதுக்குத்தான் கேக்கறேன்."

3

எங்கள் தெருவில் பெண் குழந்தையாக வளர்ந்தவர்களுக்கு ஒரு பாடம் உண்டு. அதைப் பள்ளியில் சொல்லித் தருவதில்லை. பந்தல் மாமா கூப்பிட்டால் தனியாகப் போகாதே, ரெண்டு பேராகப் போ. அவர் மடியில் உட்காராதே. மிட்டாய் கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடு. என் அம்மா எனக்குச் சொன்னாள். எதிர்வீட்டு அம்மா அவள் மகளுக்குச் சொன்னாள். மழை வந்தால் குடை எடுத்துக்கொண்டு போ என்பதுபோலச் சொன்னார்கள். மழையை நிறுத்த முடியுமா என்ன?

எல்லாக் குழந்தைகளும் தப்பிக்கவில்லை. ஒரு வீட்டில் சத்தம் வந்தது. நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேசினார்கள். அந்தக் குடும்பம் ஓரிக்கைப் பக்கம் வீடு மாறிப் போனது. அவர் போகவில்லை. அந்த வருடமும் மோர்ப் பந்தல் போட்டார். கருடன்மேல் பெருமாள் வந்தபோது முதல் தீபாராதனை அவர் பந்தலில்தான். என் சித்தி மோருக்குக் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டாள்.

குழுவில் தூக்குக் கயிறு கேட்டவர் அவர். பார்த்துவிட்டு விருப்பக்குறி போட்டவர்களில் ஒரு ஆள்கூட, ஒரு அம்மாகூட, இவரா இதைச் சொல்வது என்று கேட்கவில்லை. அதில்தான் எனக்குக் குமட்டுகிறது. இந்தத் தெருவுக்குக் குழந்தைகள்மேல் அக்கறை என்று நான் நம்பிய வருடங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இவர்களுக்கு வேண்டியது மிருகம். கொம்பும் கோரைப்பல்லும் வைத்த, எங்கேயோ வெளியூரில் இருக்கிற மிருகம். மோர் ஊற்றிக் கொடுக்கிற கை அந்தக் கணக்கில் வராது.

4

டிராம் நிறுத்தத்துக்குப் போனால், விளம்பரத்தில் எண் இருந்த இடத்தை யாரோ சாவியால் கீறியிருந்தார்கள். பள்ளி வாசலில் அந்தப் பேச்சு வந்தபோது ஆதிராவின் தோழியின் அம்மா, பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், "நல்ல வேலை செய்தார்கள்" என்றாள். இப்படிப்பட்டவர்களைத் தீவில் கொண்டுபோய் விடவேண்டும் என்றாள். அவளுக்கும் எங்கள் குழுவுக்கும் மொழிதான் வேறு. கடைசியில் நான் எடுத்த படத்தையே திறந்து, நூறு வசவுகளுக்கு மேலே ஏறிப்போய் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

போனை எடுத்தவளுக்கு வயதான குரல். ஜெர்மனில் வாக்கியங்களை எழுதி வைத்துக்கொண்டு பேசினேன், அப்படியும் வினைச்சொல் கடைசியில் வராமல் நடுவில் தொங்கியது. என் தம்பிக்கு என்றேன்.

"பரவாயில்லை. நிறையப் பேர் தம்பிக்கு என்றுதான் தொடங்குவார்கள்" என்றாள்.

"இல்லை, நிஜமாகவே தம்பி!" என்று கத்தினேன். பக்கத்துவீட்டு நாய் குரைத்தது.

வெளிநாட்டில் இருப்பவரைத் தங்களால் சேர்த்துக்கொள்ள முடியாது என்றாள். அங்கேயே மனநல மருத்துவர் தேடுங்கள், பேச்சு சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு என்றாள். குணமாகிவிடுமா என்று கேட்டேன். "அந்த எண்ணத்தை எடுத்துவிடுவோம் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. அதன்படி நடக்காமல் வாழ முடியும். அதற்கு ஆள் துணை வேண்டும்" என்றாள். அவ்வளவுதானா என்று எரிச்சல் வந்தது. வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் காபியைக் கலக்கிக்கொண்டே, "சர்க்கரை வியாதிக்கும் அதான சொல்றாங்க" என்றார். சொல்லிவிட்டு உடனே, "நம்ம பாப்பா அவன் பக்கத்துல போகக்கூடாது" என்றார். இரண்டும் எனக்குச் சரியென்றே பட்டது.

பிறகு ஊருக்கு அழைக்கத் தொடங்கினேன். ஒரு டாக்டர் முழுதாகக் கேட்காமலே, "அது வியாதி இல்லம்மா, திமிரு. நாலு அற குடுங்க" என்றார். இன்னொருவர், "கல்யாணம் ஆயிடுச்சா? பண்ணி வைங்க, தானா திரும்பிடும்" என்றார். படித்தவர்கள். சுவரில் சட்டம் போட்ட பட்டம் மாட்டியிருப்பார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாத்திரை மாதிரிச் சீட்டில் எழுதிக் கொடுக்கத் தயங்காதவர்கள்.

சென்னையில் ஒரு பெண் டாக்டர் மட்டும் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேள்வி கேட்டார், துணி துவைக்கிற மாதிரி அடித்து அடித்து. யாரையாவது ஏதாவது செஞ்சிருக்காரா? பசங்களோட தனியா இருக்கற வேலையா? போன்ல படம் பார்க்கறாரா?

"இல்ல டாக்டர். அவன் இல்லன்னு சொல்றான்."

"அத நான் அவர்கிட்ட நேர்ல கேப்பேன். ஏதாவது நடந்திருந்தா நான் சும்மா இருக்க முடியாது, சட்டம் இருக்குது. எதுவும் நடக்கலன்னா அவர் என் பேஷன்ட். அனுப்பி வைங்க. ரிசப்ஷன்ல எதுவும் சொல்லத் தேவையில்ல, என் பேர் மட்டும் சொன்னா போதும்."

கடைசி வாக்கியம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவுதான் வேண்டியிருந்தது.

5

டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் நாலைந்து நாள் இருக்கும்போது பிரபு மறுபடி அழைத்தான். தெருமுனையிலிருந்து பேசினான்.

"வாசல்ல சின்னச் சின்ன செருப்பா கெடக்குதுக்கா. அம்மா டியூஷனுக்கு ஒத்துக்கினு இருக்குது. பரீட்ச வருதுன்னு பசங்க அம்மாங்க வந்து கேட்டாங்களாம். நான் வேணாம்னு எவ்ளோ சொன்னேன், மனசு சரியில்லன்னு கூட சொன்னேன். பொண்ணு பாக்கறேன், சரியாயிடும்னுது. நான் உள்ள போவல. நீயே சொல்லிடுக்கா. எனக்கு வாய் வரல."

சித்தியை வீடியோவில் அழைத்தேன். அவளுக்குப் பின்னால் வாய்ப்பாடு சத்தம். பிரபு வரும்வரை அவர்களாகவே ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தி, பசங்கள வீட்டுக்கு அனுப்பிட்டு பேசு."

"இன்னாடி இது, வந்ததும் வராததுமா? அவன் இப்போ வந்துடுவான்."

"வர மாட்டான். அனுப்பு."

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, அனுப்பினாள். சொன்னேன். சித்தி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எம் புள்ளய பாத்து இப்படி சொல்ல உனக்கு வாய் எப்படிடி வந்துது? நாக்கு அழுகிடும்."

"அவன்தான் சொன்னான் சித்தி. அவன் எதுவும் செய்யல. செய்யக் கூடாதுன்னுதான் டாக்டர்கிட்ட போறேன்றான்."

"டாக்டரு, டாக்டரு. நாலு பேருக்கு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? அந்த ஊருக்குப் போயி கெட்டதெல்லாம் கத்துக்கினு வந்து எங்க வீட்ல எறக்கறியா?"

"அப்போ பந்தல் மாமா எந்த ஊருக்குப் போய்க் கத்துக்கினாரு?"

சித்தி என்னை முறைத்துப் பார்த்தாள். பொய் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"அவர ஏன் இழுக்கற? அவரு பேத்திக்குக் கூட கல்யாணம் ஆயிடுச்சு. அவரு யார்கிட்டயாவது போயி, எனக்கு இப்படி இருக்குதுன்னு சொல்லிக்கினு நின்னாரா?"

இதைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். எங்கள் தெருவின் நீதி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. செய்தால் பரவாயில்லை. சொல்லக்கூடாது.

மறுநாள் அவளே அழைத்தாள். குரல் தெளிந்திருந்தது. அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தங்கப் பல்லியைத் தொட வைத்தாளாம். அர்ச்சனை செய்தாளாம். "எந்த தோஷமா இருந்தாலும் போயிடும். இனிமே டாக்டர் எதுக்கு?" என்றாள். ஊர் உலகமே வந்து தொட்டுப் போகிற பல்லி. பந்தல் மாமாவும் வருடம் தவறாமல் தொடுகிறவர்தான். நான் அதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

ஆனால் டியூஷனை நிறுத்தினாள். அதற்கு அவள் கண்டுபிடித்த காரணம் மஞ்சள் காமாலை. பிரபுவுக்குக் காமாலை, பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று வீடு வீடாகச் சொன்னாள். தெரு உருகிப்போனது. எதிர்வீட்டிலிருந்து கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து கரும்புச்சாறு. நாட்டு மருந்து கொடுக்கும் இடத்துக்கு யார் கூட வருவது என்பதில் இரண்டு பேருக்குச் சண்டை. பால்காரர் தண்ணீர் கலக்காத பால் தனியாக ஊற்றினார், பிறகு காமாலைக்குப் பால் ஆகாது என்று அவரே நிறுத்திக்கொண்டார். இல்லாத வியாதிக்கு இவ்வளவு அன்பு. சித்தி எல்லாக் கிண்ணத்தையும் வாங்கி அடுக்கினாள். பிரபு கசப்புக் கீழாநெல்லியைக் குடித்துவிட்டு சென்னைக்குப் பஸ் ஏறினான்.

6

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. வாரம் ஒருமுறை போய்வருகிறான். டாக்டர் மருந்தும் கொடுத்திருக்கிறார். காமாலை எத்தனை நாளுக்கு இருக்கும்? அது தீர்ந்துவிட்டது என்று தெரு மறுபடி டியூஷன் கேட்டது. அதனால் வாலாஜாபாத்தில், ஆலைக்குப் பின்னால், தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டான். குடும்பங்கள் இல்லாத கட்டடமா என்று பார்த்துத் தேடினானாம். அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போன பாவி என்று தெரு இப்போது அவனைத் திட்டுகிறது. சித்தியும் மறுப்பதில்லை. அது சொல்லிக்கொள்ளக்கூடிய குற்றம். பொண்ணு பார்ப்பதை மட்டும் ஏனோ நிறுத்திவிட்டாள். காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

அவனை நான் நம்புகிறேனா? தெரியாது. டாக்டரை நம்புகிறேன். அவன் ஒவ்வொரு வாரமும் போவதை நம்புகிறேன். ஒரு வாரம் போகாவிட்டால் என்ன செய்வேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதைப் படித்துவிட்டு, அவன் பக்கம் பேசுகிறாள் என்று என்னைத் திட்டப்போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவனைப்போல ஒருவன் உங்கள் தெருவிலும் இருக்கலாம், எதுவும் செய்யாதவன், செய்துவிடுவோமோ என்று பயந்தவன். நீங்கள் குழுவில் போட்ட கத்தியையும் நெருப்பையும் பார்த்தபிறகு, அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? நீங்கள் எந்தக் குழந்தையைக் காப்பாற்றினீர்கள்?

டிசம்பரில் ஊருக்கு வருகிறோம். டிக்கெட் எடுத்ததைச் சித்தி குழுவில் போட்டுவிட்டாள். பந்தல் மாமாவிடமிருந்து முதலில் குரல்பதிவு வந்தது. "பாப்பாவ கூட்டினு வாம்மா, ஆசையா இருக்குது, மிட்டாய் வெச்சிருக்கேன்." ஆதிரா என் தோளுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாள். அவளுக்கு எங்கள் தெருப் பாடத்தை நான் சொல்லித் தரப்போவதில்லை. குழுவில், எல்லாரும் பார்க்க எழுதினேன். என் மகள் உங்கள் அருகில் வரமாட்டாள் மாமா, காரணம் உங்களுக்கும் இந்தக் குழுவில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும் என்று எழுதினேன். அவசரத்தில் இரண்டு எழுத்துப்பிழை. அரிசி களைந்து குக்கரில் வைத்துவிட்டு வந்து பார்த்தால், என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். யாரும் தனியாக அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிரபுவிடமிருந்து மட்டும் ஒரு செய்தி இருந்தது.

"அக்கா, நீங்க வர்ற மூணு வாரமும் நான் வீட்டுக்கு வர மாட்டேன். வாலாஜாபாத்லயே இருப்பேன். பாப்பா மாடி, கீழன்னு எங்க வேணா ஓடட்டும். அம்மா கூப்பிட்டாலும் வர மாட்டேன், நீ கோச்சுக்காத."

சமாதானமாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். வரலாம்டா, பரவாயில்லை என்று எழுதினால் அது பொய். நன்றி என்று எழுதக் கேவலமாக இருந்தது. அவன் தொட்டிலில் கிடந்தபோது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்குவான். அதையும் எழுத முடியவில்லை.

"சரி. மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன்.

"போட்டேன்கா."